டெபெஷ் மோடின் கணக்கும் நம் ஊர்க் குழுக்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சுயாதீன மின்னணு இசைக் குழுக்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். சென்னை, கோவையோடு நின்றுவிடாமல் பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கத்து இளைஞர்களையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது மகிழ்ச்சி தந்தது. ஆனால் இவ்வகை இசைக்கு முன்னோடியான இங்கிலாந்தின் டெபெஷ் மோட் குழுவை ஒரே பத்தியில் கடந்துவிட்டு, பெரிய அரங்குகளை நிரப்பிய குழுவைச் சுயாதீனக் குழு என்று சொல்ல முடியாது என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கோயில் கொடை விழாக்களிலும் திருமண வீடுகளிலும் நெடுங்காலம் கீபோர்டு வாசித்து வருபவன் என்ற முறையில், அந்தக் குழுவின் வரலாற்றைச் சற்று விரிவாகவே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். ஒரு குழு சுயாதீனமானதா இல்லையா என்பதை அரங்கின் அளவு தீர்மானிப்பதில்லை. பதிவு யாருடையது, வரவில் யாருக்கு எவ்வளவு என்கிற கணக்கே தீர்மானிக்கிறது என்பதற்கு அந்த வரலாற்றைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

கதை குழுவிலிருந்து தொடங்கவில்லை, டேனியல் மில்லர் என்ற ஒரு தனி மனிதரிடமிருந்து தொடங்குகிறது. 1978-இல் அவர் மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் விசைப்பலகைக் கருவியான ஒரு கோர்க் சின்தசைசரையும் நான்கு தடங்கள் கொண்ட ஒரு டேப் ரிக்கார்டரையும் வீட்டில் வைத்துக்கொண்டு இரண்டு பாடல்களைத் தானே பதிவு செய்து, 'தி நார்மல்' என்ற பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டார். அதை வெளியிடுவதற்காகத் தொடங்கியதுதான் மியூட் ரிக்கார்ட்ஸ். இசைத்தட்டின் உறையில் லண்டனில் இருந்த தம் தாயார் வீட்டு முகவரியை அச்சிட்டிருந்தார். அதைப் பார்த்த முகமறியாத இளைஞர்கள் தங்கள் ஒலிநாடாக்களை அந்த வீட்டுக்கு அனுப்பத் தொடங்கிய பிறகே, தம் இசைக்காக மட்டும் தொடங்கியதை அவர் பிறருக்கான நிறுவனமாகவும் நடத்த ஆரம்பித்தார்.

டெபெஷ் மோட் பிறந்த பாசில்டன், லண்டனுக்குக் கிழக்கே போருக்குப் பின் திட்டமிட்டுக் கட்டிக் குடியேற்றிய புதிய நகரம். ஓர் ஊர் அளவுக்கு விரிந்த ஹவுசிங் போர்டு காலனி என்று சொன்னால் நம்மவர்களுக்குப் புரியும். 1980-இல் வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், ஆண்டி பிளெட்சர், பாடகர் டேவ் கஹான் ஆகிய நால்வரும் அங்கே ஒன்று சேர்ந்தார்கள். கோர் வங்கியிலும் பிளெட்சர் காப்பீட்டு அலுவலகத்திலும் வேலை பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். டிரம்ஸ் கலைஞர் கிடையாது. தாளத்தை இயந்திரம் பார்த்துக்கொண்டது. பின்னர் மேடையில் ஒரு டேப் ரிக்கார்டரே அந்த இடத்தில் நின்று சுழன்றது. ஆளுக்கொரு சின்தசைசரைக் கையில் தூக்கிக்கொண்டு ரயிலேறிப் போய்க் கச்சேரி செய்தவர்கள் அவர்கள். கிட்டார் ஆம்ப்ளிபயர்களும் டிரம்ஸும் ஏற்ற வேன் வேண்டாம் என்பதே ஏழைக் குழுவுக்குப் பெரிய சலுகை என்பது, வண்டி வாடகை கொடுத்துப் பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு உடனே விளங்கும்.

இத்தகைய இசையில் இயந்திரமே எல்லாவற்றையும் வாசித்துவிடுகிறது என்று கட்டுரையாளர் குறைப்பட்டிருப்பதால், அந்தக் கருவிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்று நாங்கள் வாசிக்கும் கீபோர்டில் இடது கையால் ஒரு கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டைப் பிடித்தால் போதும். 'ஸ்டைல்' தானாக ஓடும், பேஸ் என்னும் கீழ்ஸ்தாயி ஒலியும் தாளமும் பின்னாலேயே வரும். அவர்கள் தொடக்கத்தில் வாசித்த மோக், யமஹா, கவாய் கருவிகளோ ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டுமே ஒலித்தவை. மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் கேட்கும். ஆகவே ஒருவர் பேஸை வாசிக்க, மற்றொருவர் நடுவில் ஓடும் சிறு சங்கதியை வாசிக்க, மூன்றாமவர் மேலே மெட்டை வாசிக்க, மூன்றும் பின்னிக்கொண்டால்தான் பாட்டு நிற்கும். ஒருவர் கை தவறினாலும் அந்த இடம் வெறுமையாகிவிடும். அக்காலத்து அவர்கள் பதிவுகளில் ஒலிகளுக்கிடையே தெரியும் அந்த இடைவெளி பாணிக்காக மட்டும் வந்ததன்று, கருவியின் வறுமையிலிருந்து வந்தது. பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா நிற்கிறார்கள் என்ற பழியை அவர்கள் மேல் போடுவதற்கு முன், ஒற்றை ஸ்வரக் கருவியில் ஒரு பாட்டை முழுதாக வாசித்துப் பார்க்கும்படி யாரையும் அழைக்கலாம்.

1980-ஆம் ஆண்டின் இறுதியில் கிழக்கு லண்டனில் ஒரு விடுதிக் கச்சேரியில் மில்லர் இவர்களைக் கேட்டார். பெரிய நிறுவனங்களும் இவர்களைத் தேடி வந்தன. மில்லரிடம் முன்பணமாகக் கொடுக்கப் பெருந்தொகை ஏதும் இல்லை. ஒரு தட்டு வெளியிடுவோம், செலவு போக மிஞ்சும் லாபத்தில் பாதி உங்களுக்கு, பாதி எனக்கு, பிடிக்காவிட்டால் போய்விடலாம் என்பதே ஏற்பாடு. பல ஆண்டுகள் அது வெறும் கைகுலுக்கலாகவே இருந்தது. எழுத்து ஒப்பந்தம் கிடையாது. 1981-இல் அவர்களுடைய இரண்டாம் தட்டு இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 11-ஆம் இடத்தையும், மூன்றாம் தட்டு 8-ஆம் இடத்தையும் பிடித்தன. லண்டனில் வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயத்தில் இயங்கிய பிளாக்விங் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான முதல் ஆல்பம் அவ்வாண்டு இறுதியில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது.

அந்த ஏற்பாட்டின் உண்மையான மதிப்பு அடுத்த சில வாரங்களிலேயே தெரிந்தது. முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களை எழுதிய வின்ஸ் கிளார்க் 1981 முடிவதற்குள் குழுவைவிட்டு விலகினார். பெரும் முன்பணத்தைக் கொட்டிய நிறுவனமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கக்கூடும் என்பது என் கணிப்பு. மியூட் நிறுவனத்திற்குத் திருப்பிப் பிடிக்க வேண்டிய கடன் என்று எதுவும் இல்லை, பொறுத்திருந்தது. மார்ட்டின் கோர் பாடல் எழுதும் பொறுப்பை ஏற்றார், பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து வந்த ஆலன் வைல்டர் குழுவில் சேர்ந்தார், 1982-இல் வந்த அடுத்த ஆல்பமும் 8-ஆம் இடத்தைப் பிடித்தது. விலகிய கிளார்க்கும் அலிசன் மோயேவுடன் யாசூ குழுவைத் தொடங்கி அதே மியூட்டிலேயே வெளியிட்டார், பின்னர் இரேஷர் குழுவையும் அங்கேயே நடத்தினார். பிரிந்துபோனவரும் இருந்தவர்களும் ஒரே வீட்டு வாசலில் தொடர்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டார்கள் என்பதை, ஒரு பாடகர் விலகினாலே பேனரிலிருந்து பெயரை அழித்துச் சண்டையிடும் நம் மெல்லிசைக் குழுக்காரர்கள் கொஞ்சம் கவனிக்கலாம்.

1983-இல் சாம்பிளர் என்ற கருவி கைக்கு வந்தபோது, அவர்கள் கடையில் கிடைத்த ஒலிகளோடு நிற்கவில்லை. கிழக்கு லண்டனில் இடிபாடும் கட்டுமானமும் நடந்த இடங்களுக்கு டேப் ரிக்கார்டரோடு போய், இரும்புக் குழாய்களையும் தகடுகளையும் சுத்தியலால் தட்டிப் பதிந்துவந்து, அந்த ஓசைகளை விசைப்பலகையின் கட்டைகளில் ஏற்றி இசையாக்கினார்கள். அப்படி உருவான ஆல்பத்தின் ஒலிக்கலவை மேற்கு பெர்லினில் ஹன்சா ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது. இத்தகைய சோதனைக்குக் காலம் தேவை, தோற்றால் பரவாயில்லை என்று சொல்லும் முதலாளி தேவை. மில்லரோ 1986 வரை தயாரிப்பாளர்களில் ஒருவராகக் கூடவே உட்கார்ந்திருந்தார்.

1988 ஜூன் 18-ஆம் நாள் அமெரிக்காவில் பாசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கில் 60,000-க்கும் மேற்பட்டோர் அவர்களைக் கேட்கக் கூடினார்கள். கட்டுரையாளர் சுயாதீனம் இல்லை என்று சொல்லும் காலம் இதுதான். ஆனால் அப்போதும் அவர்கள் தாய் நிறுவனம் மியூட்டே. அமெரிக்காவில் சையர் நிறுவனம் உரிமம் பெற்று வெளியிட்டது, அவ்வளவே. விற்பனைக்கு வழி வேறொருவருடையது, பதிவு குறித்த முடிவு தம்முடையது என்ற இந்தப் பிரிவினையைப் பார்க்காமல் கூட்டத்தின் தலைகளை எண்ணுவதில் பயனில்லை. உண்மையில் கேள்வி எழவேண்டிய ஆண்டு 2002. அவ்வாண்டில்தான் மில்லர் மியூட்டை ஈ.எம்.ஐ. என்ற பெரிய இசை நிறுவனத்திற்கு விற்றார். 2010-இல் அவர் மியூட்டை மீண்டும் தனி நிறுவனமாக நடத்தத் தொடங்கினாலும் குழு அவருடன் திரும்பவில்லை. 2013 முதல் சோனியின் கொலம்பியா வழியாக வெளியிட்டு வருகிறது. 2022-இல் பிளெட்சர் மறைந்தபின் கஹானும் கோரும் மட்டுமே எஞ்சி, 2023-இல் புதிய ஆல்பம் தந்தார்கள். இந்தப் பிற்காலத்தைக் காட்டி டெபெஷ் மோட் இப்போது சுயாதீனக் குழு அல்ல என்று கட்டுரையாளர் எழுதியிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

கருவியும் திறமையும் மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1982-இல் மும்பையில் சரண்ஜித் சிங், ரோலண்ட் கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை மின்னணு இசையாக்கி எச்.எம்.வி. வழியாக ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதை வாங்குவார் இல்லை. 2010-இல் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மறுவெளியீடு செய்த பிறகுதான் உலகம் அவரை வியந்து பேசியது. அவருக்குப் பின்னால் ஒரு மில்லர் நின்றிருந்தால் இருபத்தெட்டு ஆண்டுகள் வீணாகியிருக்காது என்றே நினைக்கிறேன்.

நம் பகுதிக்கு வருகிறேன். ஒலிநாடாக் காலத்தில் எங்கள் குழுவும் சுடலைமாடன் கொடைக்கான பாடல்களைச் சொந்தமாக மெட்டமைத்து, ரிதம் பேடும் கீபோர்டும் மட்டும் வைத்து ஒரு வெளியீட்டாளருக்குப் பதிவு செய்து கொடுத்தது. ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து, வெற்றுத்தாள் ஒன்றில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். சித்திரை, வைகாசிக் கொடைகளில் மைக்செட்டுகளில் அந்தப் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. உறையில் எங்கள் குழுவின் பெயர் இல்லை. தங்கள் கட்டுரையில் வந்த இளைஞர்கள் மடிக்கணினியில் இசையமைத்து இணையத்தில் ஏற்றுவதால் இத்தகைய இடைத்தரகர் இல்லை என்று நம்புகிறார்கள். ஆனால் நிதி போடுபவர், ஒலிப்பதிவுக் கூடக்காரர், இணையத்தில் விநியோகிக்கும் நிறுவனம் என்று மூன்று கைகள் இன்றும் நடுவே நிற்கின்றன.

இதில் நம் சட்டம் கலைஞருக்கு எதிராக இல்லை என்பதைக் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுத்தில் கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. எவ்வளவு காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பகுதிக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய உரிமத்தொகைப் பங்கைப் பாதுகாக்கிறது. அதே வேளையில் ஒலிப்பதிவின் உரிமை முதலில் அதன் தயாரிப்பாளருக்கே, அதாவது முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்றுப் பதிவு செய்தவருக்கே சேரும். அது வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். மெட்டு என்னுடையது, பாட்டு அவனுடையது என்று பேசிக்கொள்ளும் நண்பர்கள், பதிவுக்குப் பொறுப்பேற்றவர் யார் என்பதையும் அன்றே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கைகுலுக்கலில் மில்லரை நம்பியவர்களுக்கு வாய்த்த நல்வினை எல்லோருக்கும் வாய்க்காது.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குழுக்களைப் பேட்டி காணும்போது, எந்த மென்பொருள், எத்தனை பார்வைகள் என்பதோடு நில்லாமல், தங்கள் முதல் பாடலின் மூலப்பதிவு இப்போது யாரிடம் இருக்கிறது, அதன் வரவு யார் கணக்குக்குப் போகிறது என்ற இரு கேள்விகளையும் கேட்டு, பதிலை அப்படியே வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழுக் கீபோர்டு கலைஞர் ஒருவர்,
பாளையங்கோட்டை.