ஒக்டோபர் 31 மாலை: பெற்றோருக்கு ஒரு கடிதம்

லண்டன்
10.10.2026

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரைத்தவணை விடுமுறை காரணமாக எதிர்வரும் 31ஆம் திகதி சனிக்கிழமை எமது தமிழ்ப் பாடசாலை நடைபெறாது. அன்றே ஹாலோவீனும் வருவதால், பிள்ளைகளைப் பேய் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று இனிப்புக் கேட்கும் ட்ரிக் ஓர் ட்ரீட்டுக்கு அனுப்பலாமா, மறித்து வீட்டிலேயே வைத்திருக்கலாமா என்று பெற்றோர் சிலர் ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறார்கள். இவை இரண்டும் அல்லாத ஒரு வழி எம் அயலிலுள்ள தேவாலயங்களிலேயே இருப்பதால், அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

இந்நாட்டின் தேவாலயங்கள் பல, அன்று மாலை தம் மண்டபங்களில் 'லைட் பார்ட்டி' என்ற பெயரில் பிள்ளைகளுக்கான ஒன்றுகூடலை நடத்துகின்றன. பேய், எலும்புக்கூடு வேடங்களுக்குப் பதிலாகப் பிள்ளைகள் பளிச்சென்ற நிறங்களிலோ தமக்குப் பிடித்த நல்ல பாத்திரங்களின் உடையிலோ வருவார்கள். விளையாட்டு, கைவேலை, சிற்றுண்டி, இனிப்பு எல்லாம் இருக்கும். பூசணிக்காயில் கோர முகத்துக்குப் பதிலாக இதயத்தையோ நட்சத்திரத்தையோ வெட்டி உள்ளே விளக்கு வைப்பார்கள். அமெரிக்காவில் இதுவே வேறு வடிவம் எடுத்திருக்கிறது: தேவாலயத்தின் வாகனத் தரிப்பிடத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் பின்பெட்டியை அலங்கரித்து, பிள்ளைகள் காருக்குக் கார் சென்று இனிப்பு வாங்கும்படி செய்கிறார்கள். எமது ஈரமான ஒக்டோபருக்கு மண்டபமே பொருத்தம் என்பது என் எண்ணம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இதன் பயன் தெளிவானது. 25ஆம் திகதி மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னால் மாற்றப்படுவதால், 31ஆம் திகதி லண்டனில் மாலை 4.35 அளவிலேயே சூரியன் மறைந்துவிடும். கறுப்பு உடையும் முகமூடியும் அணிந்த சிறு பிள்ளை, நிறுத்தியிருக்கும் கார்களுக்கு இடையிலிருந்து தெருவுக்கு இறங்கினால் சாரதியின் கண்ணில் படுவது கடினம். உடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்நாட்டில் வேட உடைகள் விளையாட்டுப் பொருள்களின் வகையிலேயே அடங்குவதால், பிள்ளைகளின் இரவு உடைகளுக்கு உள்ள தீப்பற்றல் விதிகள் அவற்றுக்குப் பொருந்துவதில்லை. வாசற்படியில் எரியும் மெழுகுதிரிக்கு அருகே அத்தகைய உடையோடு பிள்ளை குனிவதை எந்தப் பெற்றோரும் விரும்பமாட்டார். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கோ, பெயர் தெரியாத வீடுகளில் பையில் விழும் உறையில்லாத இனிப்புகள் வேறொரு கவலை. மண்டபத்தில் என்றால் உணவைத் தயாரித்தவரிடமே கேட்டுவிடலாம்.

எமது பாடசாலையில் சைவர்கள், கத்தோலிக்கர், ஏனைய திருச்சபையினர், இஸ்லாமியர் எனப் பல குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆகவே, 'அங்கே மதம் போதிப்பார்களா?' என்ற கேள்வி எழுவது இயல்பு. அதை மழுப்பாமல் சொல்வதே மரியாதை. பெரும்பாலான இடங்களில் ஒரு சிறு வேதாகமக் கதை, ஒரு பாட்டு, ஒரு குறுகிய ஜெபம் இருக்கும். 'நானே உலகின் ஒளி' என்ற இயேசுவின் வாக்கையொட்டியே அந்த மாலைக்கு ஒளியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். வேறு சமயத்தவரையும் அவர்கள் மனமுவந்து வரவேற்கிறார்கள். ஆனாலும் அது தேவாலயத்தின் நிகழ்ச்சி என்பதை அறிந்தே செல்ல வேண்டும். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே கேட்டு, உங்களுக்கு உடன்பாடானால் மட்டும் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். சென்ற பிள்ளையையோ செல்லாத பிள்ளையையோ வகுப்பில் யாரும் கேலி செய்ய நான் இடமளிக்க மாட்டேன்.

கிறிஸ்தவ நாட்காட்டியில் இந்தக் காலம் எமக்கு அந்நியமானதும் அல்ல. நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாள். மேற்கு ஐரோப்பாவில் 9ஆம் நூற்றாண்டிலேயே இத்திகதி நிலைபெற்றுவிட்டது. அதன் முன்னிரவே இன்று ஹாலோவீனாகக் கொண்டாடப்படுகிறது. மறுநாளான நவம்பர் 2இல் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேமக்காலைக்குச் சென்று, கல்லறைகளைத் துப்புரவாக்கி, பூவும் மெழுகுதிரியும் வைத்து இறந்தவர்களை நினைவுகூர்வதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். இறந்தோரை அங்கே அன்போடு நினைக்கும் இந்நாட்களில், இங்கே கடைகள் பிளாஸ்ரிக் எலும்புக்கூடுகளை அடுக்கி விற்பது எனக்கு உவப்பானதல்ல என்பதை மறைக்கவில்லை.

செல்வதற்கு முன் ஏற்பாட்டாளர்களிடம் சில விபரங்களைக் கேட்டறிவது உங்கள் உரிமை. பெற்றோர் உடனிருக்க வேண்டுமா, விட்டுச் செல்லும் பிள்ளைகளின் பெயர் பதியப்படுமா, முடிவில் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள், பிள்ளைகளோடு பணிபுரியும் தொண்டர்கள் டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சோதனை பெற்றவர்களா, படம் எடுக்க அனுமதி கேட்பார்களா என்பவை அவற்றுள் முக்கியமானவை. இங்கிலாந்துத் திருச்சபையின் பங்கு (தேவாலய வட்டாரம்) ஒவ்வொன்றிலும் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். அவரோடு பேசக் கேட்டால் நல்ல தேவாலயம் எதுவும் முகம் சுளிக்காது. அப்படிச் சுளித்தால் அங்கே போக வேண்டாம். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு, யார் என்ன சொன்னாலும், நீங்களும் இருப்பதே நல்லது.

தெருவுக்கே செல்வதென்று முடிவெடுக்கும் குடும்பங்கள், பெரியவர் ஒருவரோடு, ஒளிரும் பட்டி அணிவித்து, தெரிந்த வீடுகளுக்கு மட்டும் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'வேண்டாம்' என்ற அறிவிப்பு ஒட்டியுள்ள கதவைத் தட்ட விடாதீர்கள். உள்ளே தனியே இருக்கும் முதியவர்களுக்கு அந்த இரவு உண்மையாகவே அச்சம் தருகிறது.

அயலிலுள்ள தேவாலயங்கள் அனுப்பிய அறிவித்தல்களை வரவேற்பு மேசையில் வைத்துள்ளோம். விரும்பியோர் எடுத்துக்கொள்ளலாம், பிள்ளைகளின் பைகளில் நாம் வைத்து அனுப்பமாட்டோம். நவம்பர் 7ஆம் திகதி வகுப்புகள் வழமைபோல் காலை 10 மணிக்குத் தொடங்கும். மறுநாள் தீபாவளி என்பதால், அன்று இறுதிப் பாடவேளையில் சிறு கொண்டாட்டம் நடைபெறும். பலகாரம் கொண்டுவருவோர் அதில் நிலக்கடலை, பால், முட்டை சேர்ந்திருந்தால் பொதியின் மேல் எழுதி ஒட்டிவிடவும்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்