செயலாளர் ஆண்டறிக்கை: நெல், மாடு, மருந்து

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம். மேசைமேல் பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பழைய போர்களை ஆடிப் பார்க்கும் நமது மேசைப்போர் விளையாட்டு மன்றத்தின் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

ஞாயிறு மாலை ஆட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. சித்திரைத் திருவிழா வாரத்தில் மாசி வீதிக்குள் வண்டி நுழைய முடியாததால் நடக்கவில்லை. ஆயுத பூஜையன்று பொம்மைச் சிப்பாய்களுக்கும் பொட்டு வைத்தோம். விளாச்சேரியில் சொல்லிச் செய்த மண் சிப்பாய்கள் அழகாகவே வந்தார்கள். ஒன்றரை அங்குல ஆளுக்குத் துப்பாக்கியையும் மண்ணிலேயே கேட்டது நம் தப்பு. எல்லாம் ஒடிந்து, இப்போது ஊதுபத்திக் குச்சிதான் துப்பாக்கி.

இனி வள விதிகள், அதாவது படைக்கு வேண்டிய சோறு, வண்டி, வெடிமருந்துக்குக் கணக்கு வைக்கும் விதிகள். இதனால்தான் ஆட்டத்துக்குக் கூட்டம் குறைந்தது என்று சிலர் வெளியே பேசுவதாகக் கேள்வி. ஆகவே விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

நாம் ஆடுவது 1763-64 மதுரை முற்றுகை. கான் சாகிபு என்ற மருதநாயகம் கோட்டைக்குள், கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆற்காடு நவாபும் வெளியே. முதல் வருஷம் மழை பிடித்ததும் முற்றுகையிட்டவர்கள் திரும்பினார்கள். அடுத்த வருஷம் மதிலில் ஏறிப் பார்த்தும் முடியவில்லை. வழிகளை அடைத்துப் பட்டினி போட்டார்கள். கடைசியில் கூட இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். இந்தக் கதையில் நெல்லை எடுத்துவிட்டு வெறும் பகடையை உருட்டினால் என்ன மிஞ்சும்?

முதலில் நான் எழுதியது ஆறு வளங்கள். சண்டை தொடங்குமுன் இரண்டு மணி நேரம் கணக்கெழுத வேண்டியிருந்தது. அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். இப்போது மூன்றுதான்: நெல், மாடு, வெடிமருந்து. பத்து சிப்பாய் ஒரு மாதத்துக்கு ஒரு நெல் தின்னும். ஒரு மாடு இரண்டு நெல்லைப் பக்கத்து ஊர்வரை சுமக்கும். அதே மாடுதான் பீரங்கியையும் இழுக்க வேண்டும். பீரங்கியா சோறா என்று ஒருவர் கையில் புளியங்கொட்டையை (அதுதான் மாடு) வைத்துக்கொண்டு பத்து நிமிடம் யோசித்தார் பாருங்கள், அதற்காகத்தான் இத்தனை பாடும். ஐப்பசி, கார்த்திகையில் மாடு பாதித் தூரம்தான் போகும்.

மேலூர் நண்பர் ஒருவருக்கு வருத்தம்: ஆட்டத்தில் சோழவந்தானுக்கு விளைச்சல் மூன்று நெல், எங்கள் ஊருக்கு ஒன்றா என்று. ஐயா, மேலூருக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணை கட்டி முடித்தது 1895-ல். நம் ஆட்டத்தில் அந்தத் தண்ணீர் இன்னும் வரவில்லை.

முதல் சண்டையில் ஜெயித்தவரே எல்லா ஊரையும் பிடித்துக் கொழுப்பதும், தோற்றவர் மூன்றாம் வாரத்திலிருந்து வராமல் போவதும் உண்மையிலேயே நடந்தது. அதைத் திருத்தியாகிவிட்டது. பிடித்த ஊரில் காவல் வைக்க வேண்டும். அந்தக் காவலுக்கு நெல் தலைநகரிலிருந்து போக வேண்டும். திண்டுக்கல்லைப் பிடித்தவர் இப்போது அதை எப்படிக் கைகழுவுவது என்று யோசிக்கிறார். திருத்தியதை ஆடிப் பார்த்தவர்கள் நான்கு பேர். குறை சொல்பவர்கள் அந்த நால்வரில் இல்லை.

வரவு செலவு ஏறக்குறைய சமம். வாடகை, பெயின்ட், டீ போக மிச்சம் சொற்பம். விவரம் பொருளாளரிடம் உள்ளது, அவர் இன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். உறுப்பினர்களில் பாதிப்பேர் சந்தா பாக்கி. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை. பட்டியல் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.

மாடி அறை கொடுத்தவருக்கும், பிளைவுட் மேசையை அறுத்துக் கொடுத்தவருக்கும், டீ வாங்கி வந்த தம்பிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளராக வேறு யாராவது வந்தால் சந்தோஷமாக ஒப்படைக்கிறேன். விதி நோட்டு என் கையெழுத்தில் இருக்கிறது, படிக்க நான் உதவி செய்வேன். யாரும் முன்வராவிட்டால் சரி, பார்ப்போம். தை முதல் ஞாயிறு புது ஆட்டம் தொடங்குகிறது. வருகிறவர்கள் சந்தாவோடு ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் கொண்டு வரவும். போன ஆட்டத்தில் எட்டு மாடு காணாமல் போய்விட்டது.