குழாய்க்குள் எட்டிப் பார்க்கிற அப்பா

மன்னார்குடி பக்கம்,
ஆடி 28

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டது இன்னும் மனதில் கிடக்கிறது. "பூமி சூடாகிற அளவுக்குப் பெரிய பெரிய நாடெல்லாம் புகையை விட்டுக்கொண்டே இருக்கும்போது, நான் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் என்னம்மா ஆகப்போகிறது?" அன்றைக்கு அடுப்பில் குழம்பு இருந்தது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

நீ கேட்டது நியாயம். புகை விடுகிறவர்களைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் திருந்துகிற வரைக்கும் மழை காத்திருக்காது.

2021 தை மாதம் உனக்கு நினைவிருக்கும். கல்லூரி மூடிக் கிடந்ததால் நீ வீட்டில்தான் இருந்தாய். பொங்கலுக்கு முன்னும் பின்னும் விடாத மழை, பெய்யவே கூடாத மாதத்தில். சம்பா அறுக்க வேண்டிய நேரத்தில் நம் ஒன்பது மா நிலமும், மூன்று ஏக்கர் பயிரும், சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. நீ ஒரு கதிரைப் பிடுங்கி வந்து திண்ணையில் போட்டாய். ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளையாக முளை விட்டிருந்தது. அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். மறு வருஷம் 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்குமாம். சுமந்ததை மொத்தமாக ஓரிடத்தில் இறக்கி வைத்துவிடுகிறது.

அந்தத் தை மாதம் நம் வயலை அழித்தது மழை மட்டும் இல்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. தண்ணீர் வடியாமல் நின்றதுதான் பெரிய கேடு. மேடு பள்ளம் இல்லாத மண் நம்முடையது. விழுந்த மழை வடிகாலில் இறங்கி, பாமணியாறு, கோரையாறு வழியாக முத்துப்பேட்டைக் காயலுக்குப் போய்ச் சேர வேண்டும். நம் தெரு வடிகாலோ நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையுமாக மண்டி, மேலே நடந்து போகலாம் போல இருந்தது. ஆற்றில் தண்ணீர் வரவில்லையென்றால் ஊரே சாலைக்கு வந்துவிடும். வடிகாலைப் பற்றி ஒருவரும் பேச மாட்டோம். பாசன வாய்க்காலைச் சாமி போலப் பார்ப்போம், வடிகால் நமக்குக் குப்பைமேடு.

போன வருஷம் ஆகஸ்ட் 15 கிராம சபையில், வடிகாலைத் தூர்வார வேண்டும் என்று நான் எழுந்து பேசினேன். அதற்கு முன் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததோடு சரி. கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை. "சபைக் குறிப்பில் தீர்மானமாக எழுதுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டுங்கள்" என்று மட்டும் விடாமல் கேட்டேன். பின்னால் பெரியம்மா எழுந்தார், அப்புறம் மேலத்தெருப் பெண்கள். தீர்மானம் ஏறியது. அதற்குப் பிறகும் அந்த வடிகால் யாருடைய பொறுப்பு என்று இரண்டு அலுவலகத்துக்கு அலைந்தோம். போகும்போதெல்லாம் தீர்மான நகல் கையில் இருந்தது, அதனால் எங்களை வெறும் கையோடு திருப்பி அனுப்ப முடியவில்லை. ஒரு பகுதியை நூறு நாள் வேலையில் சேர்த்தார்கள். மதகடியில் ஆள் இறங்க முடியாத இடத்துக்கு மாவுக்கு நூறு ரூபாய் வசூலித்து பொக்லைன் வைத்தோம். தர மாட்டேன் என்றவர்களும் உண்டு. அவர்கள் வயல் தண்ணீரும் அதே வடிகாலில்தான் இறங்கியது, இறங்கட்டும்.

கார்த்திகையில் நான்கு நாள் அடைமழை. சம்பாப் பயிர் நுனி மட்டும் தெரிந்தது. ராத்திரி பத்து மணிக்கு நானும் அப்பாவும் டார்ச் எடுத்துக்கொண்டு போனோம். மதகடியில் தண்ணீர் சத்தம் கேட்டது, கயல். சலசலவென்று ஓடுகிற சத்தம். முன்பு எட்டு நாள் பத்து நாள் நிற்கும். மூன்றாம் நாள் வரப்பு தெரிந்துவிட்டது. ஊரில் ஒருவர்கூட மறு நடவு நடவில்லை.

இதனால் வானம் குளிர்ந்துவிடாது, எனக்குத் தெரியும். இது நம்மைக் காத்துக்கொள்கிற வேலை. சூட்டைக் குறைக்கிற வேலையில் நம் பங்கு என்ன என்று நீ கேட்பாய். அது நம் வயலுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

மீத்தேன் என்ற சொல்லை நமக்குப் பழக்கியது, அந்த வாயுவை எடுக்க நம் டெல்டாவில் கிணறு தோண்டக் கூடாது என்று நடந்த போராட்டம். அந்தக் கிணறு வேண்டாம் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஐயா, 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கம் அந்த வேலையிலேயே கண்ணை மூடினார். அதே மீத்தேன், நாம் தண்ணீர் கட்டி வைக்கிற நெல் வயலிலிருந்தும் கிளம்புகிறது. காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிற வாயு அது. கேட்டதும் எனக்கு வருத்தமாக இருந்தது. நெல்லை விட்டுவிட முடியுமா? தேவையில்லை. வயலை அவ்வப்போது காயவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் பாதி வரைக்கும்கூடக் குறையும், தண்ணீரும் மிச்சம். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று தாத்தா சொன்னதுதான், பம்புசெட் வந்த பிறகு நாம் மறந்தது.

இதற்கு ஒரு அடி நீளப் பிளாஸ்டிக் குழாய் போதும். கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளை போட்டு, துளை இருக்கிற பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கிற சேற்றை அள்ளிவிட வேண்டும். மண்ணுக்கடியில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குழாய்க்குள் தெரியும். 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கிற சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "தண்ணி நிக்கலன்னா கோரை மண்டிடும்" என்றார். அது உண்மைதான், இந்தக் குறுவையில் ஒரு களை கூடுதலாக எடுத்தோம். மோட்டாருக்குக் கரண்டு இலவசம் என்பதால் பகலெல்லாம் ஓடவிட்டுப் பழகிவிட்டோம். ஆனால் போர்வெல்லில் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் கீழே போகிறது.

ஒரு மாவில் வரும் சம்பாவுக்கு காட்டுயானம் போடப் போகிறோம். யானை நின்றால் மறையும் என்பார்கள், வெள்ளத்தில் தலை நிமிர்ந்து நிற்கிற நெல். மகசூல் குறைவு, அதனால்தான் ஒரு மா மட்டும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில், பழைய நெல் ரகங்களைத் தேடிக் காத்த நெல் ஜெயராமன் 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்பார். 170-க்கு மேற்பட்ட நெல் ரகம் அப்படித்தான் கை மாறிக் கை மாறிப் பிழைத்தது. அவர் 2018-இல் காலமாகிவிட்டார். நம் வீட்டுக்கு வரும் விதையும் அதே கணக்கில்தான், கடனை நான் திருப்பிவிடுவேன்.

உன் துணிப்பையை விட்டுவிடாதே. ஆனால் அதோடு நிற்காமல் இன்னொரு வேலை செய். 2003-லேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. உன் குடியிருப்பில் அந்தத் தொட்டி எங்கே இருக்கிறது, மொட்டை மாடிக் குழாய் அதில் இறங்குகிறதா, தெருச் சாக்கடைக்குப் போகிறதா என்று காவலாளியை அழைத்துக்கொண்டு ஒருமுறை பார். ஐப்பசிக்கு முன்னால் தூர் எடுக்கச் சொல். தனியாகக் கேட்காதே, பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொள். கையெழுத்து வாங்கு, நகல் எடுத்து வை.

நாளை மறுநாள் மறுபடி கிராம சபை. இந்த முறை வடிகால் கரையில் பனங்கொட்டை ஊன்றுவதைப் பற்றிப் பேசப் போகிறேன். உன் பழைய நோட்டில்தான் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

வேலைக்கு நடுவில் நேரத்துக்குச் சாப்பிடு. ஊறுகாய் கொடுத்துவிட ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதும்போதே அப்பா வயலிலிருந்து வந்துவிட்டார். குச்சியில் நகத்தால் கோடு கிழித்துக் காட்டுகிறார். குழாயில் ஆறு விரல்தான் இறங்கியிருக்கிறதாம். மோட்டார் போடவில்லை.

அன்புடன்,
அம்மா