ஸ்டாலின் மறைக்கும் வயல்

அன்புள்ள சேது,

இத்தனை மாதம் பதில் போடாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் நலம், என் மூட்டுவலியும் நலம். மகளைப் பார்க்க மாஸ்கோ வந்தவன் திரெத்யாகோவ் கலைக்கூடத்துக்குப் போனேன். அதை உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் கிழவனுக்குப் பழைய காய்ச்சல் திரும்பிவிட்டது என்பார்கள்.

சோவியத் ஓவியர் ஷூர்பினின் ‘நம் தாய்நாட்டின் காலை’ படம் நினைவிருக்கிறதா, நம் வாசகசாலைச் சுவரில் மாஸ்டர் ஒட்டிவைத்திருந்தாரே? வெள்ளை உடுப்பில் ஸ்டாலின், கையில் மடித்துப் போட்ட கோட்டு, பின்னால் விடியல், வயல், டிராக்டர்கள், தூரத்தில் மின்கோபுரங்கள். அன்று முகத்தைத்தான் பார்த்தோம். இப்போது அந்த ஆள் மறைக்கிற வயல்தான் என் கண்ணில் பட்டது. என்ன வெளிச்சம் தெரியுமா! ஷூர்பினுக்கு நிஜமாகவே வரையத் தெரிந்திருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். 1946இல் தொடங்கி 1948இல் முடித்த படம். 1946–47இல் அதே நாட்டில் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். படத்து மண்ணில் அதன் சுவடே இல்லை.

‘எல்லாம் பிரச்சாரம்டா’ என்பாய். டிராக்டர் கவிதை எழுதியவன் அதைச் சொல்லக்கூடாது. சரி, பிரச்சாரம்தான், அப்படியானால் அதே காலத்து ஓவியர் பிளாஸ்தவின் ‘புல் அறுப்பு’ படத்தை என்ன செய்வது? போர் முடிந்த 1945இல் வரைந்தது. பிர்ச் மரங்கள், அடர்ந்த புல், முன்னால் மண்டிக் கிடக்கிற காட்டுப்பூக்கள். அறுக்கிறவர்களைப் பார்: ஒரு பையன், ஒரு பெண், இரண்டு கிழவர்கள். வாட்டசாட்டமான இளைஞன் ஒருவன்கூட இல்லை. எங்கே போனார்கள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இதற்கும் 1946இல் ஸ்டாலின் பரிசு கொடுத்தார்கள், ஷூர்பினுக்கும் 1949இல் அதே பரிசு. கொடுத்தவர்கள் பூக்களை மட்டும் பார்த்தார்களோ என்னவோ.

இளசுகள் கூட்டமெல்லாம் நீஸ்கி என்கிற இன்னொரு சோவியத் ஓவியரின் படத்திடம். பனி, காடு, நடுவே ரயில், சுவரொட்டி மாதிரி தட்டையான வண்ணம். இன்றைக்கு வரைந்தது போல இருக்கிறது, 1957 என்று நம்பவே முடியாது. தண்டவாளமும் மின்கோபுரமும் நிலத்துக்கு அழகு சேர்க்கின்றன என்று பெருமையோடு வரைந்திருக்கிறார்கள் சேது. நீயோ தோப்புக்கு மேலே போகிற கம்பி விழாமல் போட்டோ எடுக்க வளைந்து நெளிகிறாய். நாளைக்கு நன்றாக இருக்கும் என்று நிலத்தைக் காட்டிச் சொல்கிற படம் இப்போது என் கண்ணில் படுவதே இல்லை. அந்த ஏக்கத்தில்தான் ஷூர்பின் முன்னாலும் அவ்வளவு நேரம் நின்றுவிட்டேன். பஞ்சம் நடந்தது தெரிந்தும் நின்றேன், அதுதான் பயமாக இருக்கிறது. தெரியாதவன் என்ன செய்வான்?

இதை மாஸ்டரிடம் படித்துக் காட்டாதே, இருமல் பிடித்துக்கொள்ளும். அப்புறம், அச்சுப்படம் வாங்கிவரப் போகிறேன், உனக்குப் பிளாஸ்தவா நீஸ்கியா என்று உடனே எழுது. ஷூர்பின் கேட்டால் தரமாட்டேன்.

உன்
ராமு