பேத்தி இன்னும் தவழவில்லை: ஸ்காபரோவிலிருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம்

ஸ்காபரோ,
கனடா.
பெப்ரவரி மாதம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அப்பாவும் தம்பியும் நலமாக இருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன். தொலைபேசியில் நாம் கதைப்பது ஒவ்வொரு தடவையும் "பிள்ளை எழும்பி நிற்கிறாளா?" என்று தொடங்கி, என்னுடைய குரல் உயர்ந்து, அப்பா தொலைபேசியை வாங்கி இங்குள்ள பனியைப் பற்றி விசாரிப்பதில் முடிந்துவிடுவதால், இம்முறை எல்லாவற்றையும் ஆறுதலாக எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. குழந்தை வைத்தியர் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்கும் இவருக்கும் பதில் தெரியவில்லை. அதற்கான பதில் உங்களிடமும் சம்பூரில் மாமியிடமும்தான் இருக்கிறது.

அவளுக்கு இப்போது 14 மாதம். 35 கிழமையில் பிறந்தவள் என்பதால் முந்திப் பிறந்த ஐந்து கிழமையைக் கழித்து, 13 மாதம் ஆகாத பிள்ளையாகவே வைத்தியர்கள் அவளைக் கணக்கெடுக்கிறார்கள். இரண்டு வயது வரை அப்படித்தான் பார்ப்பார்களாம். கழுத்து நின்றதிலும் உடம்பு பிரட்டியதிலும் பெரிய தாமதம் இருக்கவில்லை. ஒன்பதாம் மாதத்தில் பிடிமானமில்லாமல் நிமிர்ந்து இருந்தாள். அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கவலை பிடித்தது. குப்புறக் கிடத்தினால் வீரிட்டு அழுகிறாள், தவழ்வதில்லை, எதையும் பிடித்து எழும்ப முயல்வதுமில்லை. அதற்காக ஓரிடத்தில் கிடப்பவளும் அல்ல. ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஒரு காலை மடித்து, மற்றக் காலின் குதியால் இழுத்து, இருந்தபடியே அரக்கி அரக்கிக் குசினி வாசல் வரை வந்து, நான் அரிசி களைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கமக்கட்டில் பிடித்துத் தூக்கி நிறுத்தப் பார்த்தால் பாதத்தைத் தரையில் வைக்காமல், இரண்டு காலையும் முன்னால் நீட்டி, காற்றில் கதிரை போட்டு இருப்பவளைப்போல அந்தரத்தில் இருக்கிறாள். நீங்கள் காணொளியில் பார்த்துவிட்டு "காலில் பலமில்லை" என்று அழுதது இதைத்தான். வைத்தியரோ இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அரக்கித் திரியும் பிள்ளைகள் பலரிடம் இதே காட்சியைக் காணலாம் என்றும், வைத்தியப் புத்தகங்களில்கூட இது எழுதப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார்.

அந்தச் சிரிப்பை எட்டுவதற்கு நாங்கள் காத்திருந்த காலம் பெரிது. அங்கென்றால் குடும்பநல உத்தியோகத்தர் ஸ்கூட்டரில் வீட்டு வாசலுக்கே வந்து, பிள்ளையின் நிறையைப் பார்த்து, பதிவேட்டில் புள்ளி வைத்து, ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போவார். அக்காவின் மகனுக்குக் கொடுத்த நீல நிறப் பதிவேட்டில் எந்த மாதத்தில் எதைச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அச்சடித்திருந்ததை நான் மறக்கவில்லை. இங்கே குடும்ப வைத்தியரிடம் நேரம் பதிந்து போக வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தால்தான் குழந்தை வைத்தியர். அவர் சொன்னால்தான் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). ஒவ்வொரு படியிலும் ஒரு காத்திருப்புப் பட்டியல். வைத்தியரைப் பார்க்கக் காசு இல்லை என்பது உண்மை. ஆனால் அரசு செலவில் இயன்மருத்துவம் கிடைக்க மாதக்கணக்கில் இருக்க வேண்டும் என்றதும், இவர் பொறுக்கமாட்டாமல் தனியார் ஒருவரிடம் காசு கட்டிக் கூட்டிச் சென்றார். அதில் எனக்கு வருத்தமில்லை.

குழந்தை வைத்தியர் அவளை நெடுநேரம் பார்த்தார். தலையின் சுற்றளவை அளந்தார். சிறிய ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். இடுப்பு மூட்டு விலகியிருக்கிறதா என்று இரண்டு தொடையையும் விரித்து மடித்துப் பார்த்தார். பிறகு, நான் பதறிப்போகும்படி, அவளைக் கவிழ்த்துத் தூக்கிக் கட்டிலை நோக்கிச் சடாரென இறக்கினார். அவள் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் முன்னால் நீட்டித் தன்னைத் தாங்கிக்கொண்டாள். விழும்போது கை நீட்டும் இந்தப் பழக்கம் முதல் வயதுக்குள் வந்துவிட வேண்டுமாம், அது இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டுமாம். அவள் எந்தக் கையால் எடுக்கிறாள் என்பதையும் திரும்பத் திரும்பச் சோதித்தார். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவிக்கிற பிள்ளையைப் பற்றித்தான் பயப்பட வேண்டும் என்றும், மற்றக் கையில் ஏதோ குறை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம் என்றும் விளக்கினார். இவள் இரண்டு கையாலும் எடுக்கிறாள். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தரையில் சிந்திய ஒற்றைச் சோற்றுப் பருக்கையைக் கிள்ளி எடுத்து வாயில் போடுகிறாள். சுட்டிக் காட்டுகிறாள், "அம்மா", "பூ" என்கிறாள், சொன்னால் விளங்கிக்கொள்கிறாள். ஏற்கெனவே செய்த ஒன்றை இப்போது செய்யாமல் விட்டிருக்கிறாளா என்ற கேள்வியை மட்டும் அவர் மூன்று விதமாகக் கேட்டார். பழகியதை இழப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான அறிகுறியாம். அப்படி எதுவும் இல்லை.

பிறந்த சில நாளில் குதிக்காலில் எடுத்த இரத்தத்திலேயே தைரொயிட் குறைபாட்டையும், முதுகுத்தண்டு நரம்புகள் பழுதாகித் தசை வலுவிழக்கும் நோயையும் பார்த்திருக்கிறார்கள்; இரண்டும் இல்லை. இப்போது தசை நோயைக் காட்டும் சி.கே. என்ற பரிசோதனையைச் செய்தார்கள், அதுவும் சரி. இரும்புச்சத்து மட்டும் கொஞ்சம் குறைவு என்று துளிமருந்து தந்திருக்கிறார்கள். வைட்டமின் டி பிறந்த நாள் தொட்டு ஒவ்வொரு நாளும் 400 அலகு கொடுத்து வருகிறேன். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் இங்கே அது கட்டாயம்போலத்தான். இந்த மாதங்களில் பிள்ளையை வெளியே கொண்டுபோனாலும் மூக்கு நுனி மட்டும்தான் வெளியே தெரியும். உடம்பில் வெயில் படுவதற்கு வழியில்லை. உப்புவெளி வெயிலில் எண்ணெய் தேய்த்து வளர்த்திய உங்களுக்கு இது விசித்திரமாக இருக்கும்.

அக்காவின் மகன் பத்தாம் மாதத்தில் நடந்தான் என்பதை, அம்மா, தயவுசெய்து இனி எடுக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் சுகமாக வளரும் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிமானமில்லாமல் நடக்கத் தொடங்கும் காலம் அதில் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீள்கிறது. அக்காவின் மகன் ஒரு கரைக்குக் கிட்ட. என் மகள் மற்றக் கரைக்குக் கிட்டப் போகக்கூடும். இரண்டும் ஒரே ஆற்றுக்குள்தான். பெண் பிள்ளை முந்தி நடக்கும் என்று மாமி சொன்னதற்கும் அந்தக் கணக்கில் ஆதாரம் கிடைக்கவில்லை. கை, முழங்கால் ஊன்றித் தவழாமலே எழும்பி நடந்த பிள்ளைகளும் 4.3 சதவீதம் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலை அதிலிருந்து எடுத்தேவிட்டது. (எங்களுடைய இயன்மருத்துவருக்கு அதில் நல்ல கோபம், தவழ்வது தோளுக்கும் இடுப்புக்கும் தரும் பலத்தை வேறெதுவும் தராது என்பது அவருடைய வாதம். நான் இடையில் வாய் திறக்கவில்லை.) அரக்கித் திரியும் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பிந்தியே நடப்பார்கள் என்பதையும் சொல்லிவிட்டார்கள்: பலருக்கு 18 மாதம் கடந்துவிடும், சிலர் இரண்டு வயதைத் தொட்டுவிடுவார்கள். ஆகவே சித்திரை வருடப்பிறப்புக்குள் நடந்துவிடுவாள் என்று எல்லோருக்கும் சொல்லி வைக்காதீர்கள். 18 மாதத்திலும் நடக்காவிட்டால் மறுபடியும் முழுமையாகப் பரிசோதிப்பார்கள். அதுவரை சும்மா இருக்கச் சொல்லவும் இல்லை.

வீட்டில் செய்யும் பயிற்சி இதுதான். நான் காலை நீட்டித் தரையில் இருந்து, என் தொடையின் மேல் அவளைக் கதிரையில் இருத்துவதுபோல இருத்தி, இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படும்படி முழங்காலைப் பிடித்துக்கொள்வேன். அவளுக்கு எட்டியும் எட்டாத தூரத்தில், நீங்கள் தந்துவிட்ட சில்வர் பேணியை வைப்பேன். விளையாட்டுச் சாமான் அவளுக்குத் தேவையில்லை, அந்தப் பேணி போதும். அதை எடுக்க முன்னால் சாயும்போது உடம்பின் பாரம் பாதத்தில் இறங்குகிறது. முதலில் பாதம் பட்டதும் விரல்களைச் சுருட்டிக்கொண்டு காலைத் தூக்கிவிடுவாள். இப்போது விரல்களை விரித்துத் தரையைப் பற்றுகிறாள். போன கிழமை பேணிக்காகப் பின்புறம் என் தொடையை விட்டு ஒரு சாண் உயர்ந்து, அதே வேகத்தில் தொப்பென்று இருந்துவிட்டாள். சப்பாத்து, காலுறை எதுவும் போடக்கூடாது, வெறுங்காலில்தான் செய்ய வேண்டும். பேணி விழும் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டியும்விட்டார். இவர் விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

"நீ தூக்கிக்கொண்டே திரிகிறாய், தரையில் விட்டால்தானே தவழும்" என்று சித்தி சொல்லியனுப்பியதை நான் ஏற்கமாட்டேன். ஏணையில் போட்டு வளர்த்த நீங்கள் எங்களைத் தூக்காமலா விட்டீர்கள்? நித்திரையில் வரும் திடீர் மரணத்தைத் தவிர்க்க மல்லாக்கத்தான் நித்திரையாக்க வேண்டும் என்பது இங்குள்ள உறுதியான அறிவுரை. அதற்கு ஈடாக விழித்திருக்கும்போது குப்புறக் கிடத்தச் சொல்வார்கள், அதையும் தவறாமல் செய்தோம். குப்புறக் கிடப்பதை வெறுக்கும் பிள்ளைகளில் சிலர் அரக்கத் தொடங்குவது இயல்புதான் என்று வைத்தியரே சொல்லிவிட்ட பிறகு, இதில் யாருடைய வளர்ப்பையும் குறை சொல்ல இடமில்லை.

மாமா வரும்போது கொடுத்துவிடுவதாகச் சொன்ன வோக்கரை வாங்க வேண்டாம். சில்லுப் பூட்டிய, உள்ளே பிள்ளையை இருத்தும் அந்த வட்ட வோக்கரைக் கனடா 2004இலேயே தடைசெய்துவிட்டது. விற்கவும் கூடாது, கொண்டுவரவும் கூடாது. பிள்ளைகள் அதோடு படியில் உருண்டு மண்டை உடைந்ததுதான் காரணம். நடப்பதற்கும் அது உதவாது. நுனிக்காலால் உந்திப் பழகிவிடுவார்கள். சித்த வைத்தியர் தந்த எண்ணெயை வெளியில் பூசுவதற்கு இங்குள்ள வைத்தியர் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் உள்ளுக்குக் கொடுக்கும் பஸ்பம், செந்தூரம் எதையும் அனுப்ப வேண்டாம். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்து பிள்ளைகளின் மூளையைப் பாதித்திருக்கிறது. கடற்கரை மணலில் குழி வெட்டி இடுப்பளவுக்கு நிற்க வைக்கச் சொன்ன பக்கத்து வீட்டு ஆச்சியிடம், இங்கே இப்போது மண்ணைக் கோடரியால்தான் வெட்ட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இனி அந்தக் கேள்வி. இருந்தபடி அரக்குவது பல குடும்பங்களில் வழிவழியாக வருவது. தாயோ தகப்பனோ, மாமனோ சித்தியோ சிறுவயதில் அப்படி அரக்கித் திரிந்து, பிந்தி நடந்து, பிறகு சுகமாக இருந்திருந்தால், வைத்தியருக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். மேற்கொண்டு செய்ய நினைக்கும் பரிசோதனைகள் சிலவற்றைத் தள்ளிப்போடவும் கூடும். நான் எப்படித் தவழ்ந்தேன், எந்த மாதத்தில் நடந்தேன் என்பதை உங்களுக்கு நினைவிருக்கிறபடி சொல்லுங்கள். நினைவில்லாவிட்டால் ஊகிக்க வேண்டாம். என்னுடைய கிளினிக் காட் அலுமாரியின் மேல்தட்டில், காணி உறுதிகளோடு இருக்க வேண்டும். அப்பாவின் பக்கத்தில் யாராவது பிந்தி நடந்தார்களா என்று பாலையூற்று மாமியிடமும் கேளுங்கள்.

இவருடைய காட் இல்லை. 2006இல் சண்டையில் சம்பூரை விட்டு வெளிக்கிட்டபோது உடுத்த உடுப்போடு வந்தவர்களிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஆகவே எல்லாம் மாமியின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. தொலைபேசியில் கேட்டால் "என்ர பிள்ளைக்கு ஒரு குறையும் இருக்கேல்ல" என்று சொல்லி வைத்துவிடுகிறார். தன்னுடைய மகனில் பழி வருகிறது என்று நினைக்கிறார்போலும். நேரில் போய் இருந்து கதைத்தால் சொல்லுவார். தம்பியையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாப் பாலத்தால் போகும் மூதூர் பஸ்ஸில் போய்வர முடியுமா? குறை தேடுவதற்காக இல்லை, பரம்பரையில் இப்படி இருந்திருந்தால் அது பேத்திக்கு நல்ல செய்தி என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். இவருடன் பிறந்த நான்கு பேரைப் பற்றியும், மாமாவின் சகோதரர்களைப் பற்றியும் தனித்தனியாக விசாரியுங்கள். சிறுவயதிலிருந்தே ஓட முடியாமல், படி ஏற முடியாமல் கஷ்டப்பட்டவர்கள், குறிப்பாக ஆண் பிள்ளைகள், இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வைத்தியர் அதையும் கேட்டிருக்கிறார்.

மாமி சொல்வதைத் தம்பி குரல்பதிவு செய்து அனுப்பினால் போதும். மார்ச் கடைசியில் மறுபடியும் வைத்தியரிடம் போகிறோம். அதற்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும். பத்திரகாளி அம்மன் கோவிலில் மந்திரித்த நூலைப் பதில் கடிதத்துக்குள் வைத்து அனுப்புங்கள். காலில் கட்டிவிடுகிறேன், கழுத்தில் கட்டமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்.