உன் எண் என்னிடம் இருக்கிறது

அன்புள்ள சேகர்,

இங்கு எல்லோரும் நலம். அம்மா மறுபடியும் மாடிப்படி ஏறுகிறார். பாலு மகளுக்குத் தை மாதம் கல்யாணம். நீ வராவிட்டால் அவன் விடமாட்டான்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. என் போனில் கிராஃபீன் ஓஎஸ் போட்டுவிட்டேன்; ஆண்ட்ராய்டை வைத்தே, கூகுள் சேவைகள் இல்லாமல் தனியுரிமைக்காகச் செய்த இயங்குதளம் அது. "கூகுளிடமிருந்து தப்பிக்கக் கூகுளின் பிக்சல் போனையே வாங்கினாயா?" என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். வேறு இயங்குதளத்தைப் போட்ட பிறகு பூட்லோடரை, அதாவது இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் முதல் நிரலை, மறுபடி பூட்டுவதற்கு பிக்சல் இடம் தருகிறது. பூட்டிவிட்டால், ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் உள்ளே யாரும் கைவைக்கவில்லையே என்று போனே சரிபார்த்துக்கொள்ளும். லினியேஜ் என்ற இன்னொரு மாற்று இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டு நீ பெருமையடித்த போன் கடைசிவரை திறந்தேதான் கிடந்தது!

வாட்ஸ்அப் வழக்கம்போலத் தொடர்புகளைக் கேட்டது. இதில் 'கான்டாக்ட் ஸ்கோப்ஸ்' என்று ஒரு வசதி. முழு அனுமதியும் கிடைத்துவிட்டதாகச் செயலி நினைத்துக்கொள்ளும்; கண்ணில் படுவதோ நான் தேர்ந்து கொடுத்த பெயர்கள் மட்டுமே. அக்கா, பாலு, நீ. அவ்வளவுதான். சேகர், உன் எண்ணை நீ என்னை நம்பிக் கொடுத்தாய். அதை இன்னொருவருக்குத் தூக்கிக்கொடுக்க எனக்கு என்ன உரிமை? வக்கீல் அண்ணனின் போனில் எத்தனை கட்சிக்காரர்களின் பெயர் இருக்கும், நினைத்துப் பார்.

வயிற்றெரிச்சல் ஒன்றும் உண்டு. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியின் செயலி திறக்கவே மறுக்கிறது. கூகுள் சான்றளித்த இயங்குதளமா என்று அந்த நிறுவனத்தின் 'பிளே இன்டெக்ரிட்டி' சோதனை வழியாகக் கேட்கிறார்கள், இல்லையென்றால் கதவடைப்பு. பாதுகாப்புத் திருத்தங்கள் உடனுக்குடன் வரும் போன் வெளியே நிற்கிறது. உள்ளே யாரும் கைவைக்கவில்லை என்று போனின் சில்லு தரும் சான்றை, பிளே இன்டெக்ரிட்டி இல்லாமல், ஆண்ட்ராய்டின் சொந்த வசதி கொண்டே வங்கி சோதிக்கலாம். எப்படி என்று கிராஃபீன்காரர்கள் விளக்கமாக எழுதியே வைத்திருக்கிறார்கள். அதை இணைத்து வங்கிக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை விடப்போவதில்லை. நம் பணத்தை எந்த மென்பொருள் வழியாகப் பார்க்கலாம் என்று ஒரே ஒரு நிறுவனம் தீர்மானிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

உன் பிக்சல் தொலைபேசி நிறுவனத்திடம் தவணையில் வாங்கியதா? டெவலப்பர் அமைப்புகளில், பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் 'ஓஇஎம் அன்லாக்கிங்' மங்கலாகத் தெரிந்தால் அவர்கள் பூட்டிவைத்திருக்கலாம்; இப்போதைக்கு ஒன்றும் செய்ய முடியாது. தெளிவாக இருந்தால் கல்யாணத்துக்கு வரும்போது கொண்டு வா. படங்களை முன்கூட்டியே வேறிடத்தில் சேமித்துவிடு. பூட்லோடரைத் திறந்தால் எல்லாம் அழிந்துவிடும்.

அன்புடன்,
முரளி