‘லிவர்பூல் தொழிலாளியின் ஆயுள் 15’ என்று எழுதுகிறவர்களுக்கு

வரலாற்றுத் துணுக்குகள் எழுதிப் பகிரும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் என் வகுப்பில் ஒரு மாணவி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். புகைபோக்கிகள், கரி படிந்த முகங்கள், மேலே கொட்டை எழுத்தில்: “விக்டோரியா காலத்து லிவர்பூலில் தொழிலாளர்கள் 15 வயதிலேயே இறந்தார்கள்.” “அப்புறம் யார் சார் கல்யாணம் பண்ணி, பிள்ளை பெத்து, வேலைக்கும் போனது?” என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் இந்த மடலை எழுத வைத்தது.

15 என்ற எண் பொய்யில்லை. இங்கிலாந்தின் சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் 1842-இல் வெளியிட்ட சுகாதார அறிக்கையில் அது இருக்கிறது. லிவர்பூலில் கனவான்கள் குடும்பங்களில் 35, வணிகர் குடும்பங்களில் 22, தொழிலாளர் குடும்பங்களில் 15. ஆனால் இது இறந்தவர்களின் வயதையெல்லாம் கூட்டி, தலைக்கு வகுத்த சராசரி. ஒரு தெருவில் பத்துச் சாவு என்று வையுங்கள். ஆறு பேர் ஒரு வயதுக் குழந்தைகள், நான்கு பேருக்கு வயது 36. கூட்டினால் 150, வகுத்தால் 15. பதினைந்து வயதில் இறந்தவர் அந்தத் தெருவில் ஒருவர்கூட இல்லை.

அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. அந்நகரத் தொழிலாளர் வீட்டுச் சாவுகளில் 100-க்கு 62, ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகளுடையவை. உங்கள் துணுக்குகளில் இந்த வரியை நான் பார்த்ததே இல்லை. எனக்கு வலிப்பது அதுதான். பால்குடி மறக்காத பிள்ளைகளின் சாவு, வேலைக்குப் போகும் பையன்களின் சாவாக மாறிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிறப்பு அதிகமாக உள்ள ஊரில் குழந்தைகள் அதிகம், அதனால் குழந்தைச் சாவும் அதிகம். இந்தச் சராசரி தானாகவே இறங்கிவிடும். இதை நெய்சன் என்ற காப்பீட்டுக் கணக்கியலர் 1844-லேயே லண்டன் புள்ளியியல் சங்கத்தில் எடுத்துச் சொல்லிவிட்டார். சரியான கணக்குக்கு ஒவ்வொரு வயதிலும் இறந்தவர்களோடு உயிரோடு இருப்பவர்களையும் எண்ண வேண்டும். பிறப்பு-இறப்புப் பதிவாளர் அலுவலகத்தில் இருந்த வில்லியம் ஃபார் அப்படித்தான் போட்டார். 1841 நிலவரப்படி பிறக்கும் குழந்தைக்கு எதிர்பார்க்கும் ஆயுள் லண்டனை ஒட்டிய சர்ரே மாவட்டத்தில் 45, லண்டனில் 37, லிவர்பூலில் 26. இது நகரம் முழுவதற்குமான எண், தொழிலாளருக்கு மட்டுமானதல்ல. அப்படியும் நெஞ்சு பதறுகிறது. மிகைப்படுத்தத் தேவையே இல்லை.

இந்த ஏடுகளுக்குள் வராமலே போன குழந்தைகளும் உண்டு. இங்கிலாந்தில் பிறப்பு-இறப்புப் பதிவு 1837-இல் தொடங்கியது, ஆனால் பெற்றோரே வந்து பிறப்பைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் 1874 சட்டத்தால்தான் வந்தது. இறந்தே பிறந்தவற்றுக்கு 1927 வரை பதிவே கிடையாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். “இறந்தவர்களின் சராசரி வயது 15, அவர்களில் பாதிக்கு மேல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்” என்று எழுதுங்கள். ஒரு வரிதான் கூடும். ஏற்கெனவே பகிர்ந்த படங்களையும் திருத்திப் போடுங்கள். என் மாணவியிடம் காட்டக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு புள்ளியியல் ஆசிரியர்